பாடசாலையும் நாணயமாற்றுக் கணிதமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஓர் ஊரிலே செல்லும் காசு பிறிதோர் ஊரிலே செல்லாமையால் நாணயமாற்றுத் தொழில் பிறந்தது. ஓர் ஊர்க் காசு மற்றோர் ஊர்க் காசில் எவ்வளவு பெறும் என்னும் வினாவிலிருந்து நாணயமாற்றுக் கணிதம் பிறந்தது. அவ்வினாவுக்கு விடைகாணும் வழியை வணிகன் தன் மைந்தனுக்குக் கற்பிக்கத் தலைப்பட்டபோது அக்கணிதம் பாடமாயிற்று. அரசியல், சமயம், இலக்கியம் ஆகியவற்றின் வரலாறுகள் விரிவாக எழுதப்பட்டிருக்க, கரும்பலகையில் எழுதி அழிக்கப்பட்ட இச்சிறு கணக்குகளின் வரலாறு பெரிதுங் கவனிக்கப்படாது கிடக்கின்றது. எனினும், ஒரு நாடு தன் பிள்ளைகளுக்கு எத்தகைய கணக்குகளைப் போட்டுக் காட்டிற்று என்பதைக் கொண்டு, அந்நாடு எவருடன் வாணிகஞ் செய்தது, எவருக்குக் கீழ்ப்பட்டிருந்தது, எதனை நிலையானதென நம்பியது என்பவற்றை அறிந்துகொள்ளலாம்.

இவ்வரலாற்றில் இரண்டு போக்குகள் தொடர்ந்து காணப்படுகின்றன. நாணயமாற்று வீதத்தை ஓர் எண்ணாகக் கொண்டு மனனஞ் செய்வித்தல் ஒன்று. அதனை இரு நாணயங்களுக்கிடையேயுள்ள தொடர்பாகக் கொண்டு உணர்த்துதல் மற்றொன்று. முன்னையது எளிது, வீதம் மாறாதிருக்குங்காறும் பயனுந் தருவது. பின்னையது அரிது, ஆயினும் வீதம் மாறும் நாளிலே கைகொடுப்பது அதுவே. வீதங்கள் மாறாதிருந்த காலம் எந்த நாட்டிலும் நெடிது நிலைத்ததில்லை என்பதை வரலாறு காட்டுகின்றது.

மூவிராசி விதி

நாணயமாற்றுக் கணக்குகள் யாவற்றுக்கும் அடிப்படையாய் அமைந்தது மூவிராசி விதியாகும். அறிந்த மூன்று எண்களைக் கொண்டு அறியாத நான்காம் எண்ணைக் காண்பது இதன் பயன். கி.பி. 499 இல் ஆரியபட்டர் இவ்விதியைக் கூறினார். 628 இல் பிரமகுப்தர் அதன் உறுப்புகளைப் பிரமாணம், பலம், இச்சை எனப் பெயரிட்டு விளக்கினார். பலத்தை இச்சையாற் பெருக்கிப் பிரமாணத்தால் வகுக்க விடை கிடைக்கும். பிரமாணமும் இச்சையும் ஓரினமாதல் வேண்டும்; பலமும் விடையும் பிறிதோரினமாதல் வேண்டும். இவ்விதியின் உயிர் இந்த இனப்பாகுபாட்டிலேயே தங்கியிருக்கின்றது. எந்த எண் எந்த இனத்தைச் சார்ந்தது என்பதை முதலில் வினவாத மாணவன், பெருக்கவேண்டிய இடத்தில் வகுத்தும், வகுக்கவேண்டிய இடத்திற் பெருக்கியும் இடர்ப்படுவான்.

பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பாஸ்கராசாரியர் இயற்றிய லீலாவதி என்னும் நூல் நாணய வாய்பாட்டுடனேயே தொடங்குகின்றது. 20 சோழிகள் ஒரு காகிணி. 4 காகிணிகள் ஒரு பணம். 16 பணங்கள் ஒரு திரம்மம். 16 திரம்மங்கள் ஒரு நிஷ்கம். ஆகவே ஒரு நிஷ்கத்துக்கு 20,480 சோழிகள் ஆகின்றன. இவற்றுள் திரம்மம் என்பது கிரேக்கரின் திராக்மா என்னும் நாணயப் பெயரிலிருந்து வந்தது. கடற்கரையிற் கிடைக்கும் சோழியும், யவனர் பெயர் தாங்கிய திரம்மமும், பொன்னாகிய நிஷ்கமும் ஒரே வாய்பாட்டில் அமர்ந்திருப்பது கருதத்தக்கது. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி படித்த சிறுவரும் பொன்னையும் நெல்லையும் நிலத்தையும் அளக்கும் வாய்பாடுகளை மனனஞ் செய்தே கணிதத்துட் புகுந்தனர். ஆயினும், ஓரரசின் நாணயத்துக்குள் சிறுகாசைப் பெருங்காசாக்குவது வேறு; ஓரரசின் நாணயத்தை மற்றோரரசின் நாணயமாக்குவது வேறு. முன்னையதில் வாய்பாடு மாறாது. பின்னையதில் வாய்பாடே நாடோறும் மாறக்கூடும். இவ்விரண்டாவது வகைக் கணிதத்தைப் பாடசாலைப் பாடமாக வளர்த்த பெருமை இத்தாலிய நகரங்களுக்கே உரியது.

இத்தாலியின் கணிதப் பள்ளிகள்

பீசா நகரத்தவரான லெயோனார்டோ, வட ஆபிரிக்காவின் பூஜியாத் துறைமுகத்திலே பீசா வணிகரின் அலுவல்களைக் கவனித்துவந்த தந்தையாரிடஞ் சென்று, அங்கே இந்திய எண்முறையைக் கற்றார். 1202 இல் அவர் எழுதிய லீபெர் அபாச்சி என்னும் நூல், பண்டங்களின் விலை, பண்டமாற்று, கூட்டுவாணிகம், நாணயங்களிற் கலக்கப்படும் உலோகங்களின் அளவு ஆகியவை பற்றிய கணக்குகளுக்குத் தனித்தனி அதிகாரங்களை வகுத்தது. அந்நூலின் வழியில், பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலாக இத்தாலிய நகரங்களிலே வணிகக் கணிதப் பள்ளிகள் எழுந்தன. அவை அபாக்கோப் பள்ளிகள் எனப்பட்டன. பெயர் மணிச்சட்டத்தை நினைவூட்டினும், அங்குக் கற்பிக்கப்பட்டது மணிச்சட்டக் கணக்கன்று. மையும் தாளுங் கொண்டு இந்திய எண்களாற் செய்யும் கணக்கேயாகும்.

1338ஆம் ஆண்டளவிற் புளோரன்சு நகரில் ஆறு பள்ளிகளிலே 1,000 முதல் 1,200 வரையான சிறுவர்கள் இக்கணிதத்தைக் கற்றனர் என அந்நகர வரலாற்றாசிரியரான வில்லானி எழுதிவைத்துள்ளார். இலக்கணமும் தருக்கமும் கற்றோர் தொகை அதிற் பாதியளவே. சிறுவர் பத்துப் பதினொரு வயதிற் சேர்ந்து ஏறத்தாழ இரண்டாண்டுகள் கற்றுப் பின்னர்க் கடைகளிலும் வங்கிகளிலும் தொழில் பழகச் சென்றனர். அரசியல் நூலாசிரியராகப் பின்னாளிற் புகழ்பெற்ற மாக்கியவெல்லியும் 1480 இல் இத்தகைய பள்ளியிற் சேர்க்கப்பட்டவரே.

இச்சிறுவர்களுக்கு நாணயமாற்றுக் கணக்கு இன்றியமையாததாயிற்று. அதற்குக் காரணம், சொந்த நகரத்துக்குள்ளேயே அவர்கள் இரண்டு நாணயங்களுடன் வாழ்ந்தமையாகும். லீரா என்பது 20 சோல்தி. சோல்தோ என்பது 12 தெனாரி. கூலியும் சிறு விலைகளும் இவ்வெள்ளிக் கணக்கிற் சென்றன. பெருவாணிகமோ 1252 இல் முதன்முதல் வெளியிடப்பட்ட புளோரின் என்னும் பொற்காசிற் சென்றது. தொடக்கத்தில் ஒரு புளோரின் ஒரு லீராவுக்குச் சமமாயிருந்தது. வெள்ளிக்காசின் தரம் குறையக் குறையப் புளோரினின் விலை உயர்ந்து, 1500ஆம் ஆண்டளவில் ஏழு லீராவாயிற்று. ஆகவே பள்ளியில் ஆசிரியர், 'புளோரின் ஒன்று 3 லீரா 5 சோல்தியாயின் 40 புளோரினுக்கு எத்தனை லீரா?' என்பது போன்ற வினாவைக் கொடுத்து 130 லீரா என்னும் விடையைப் பெறுவார். மறுநாள் புளோரினின் விலையை மாற்றி அதே வினாவை மீண்டுங் கொடுக்கலாம். விடையை மனனஞ் செய்தவனுக்கு இங்கே இடமில்லை. வழியை உணர்ந்தவனே தேறுவான்.

அயல்நகர்களுடன் நடைபெற்ற உண்டியல் வாணிகம் இன்னுமொரு நுட்பத்தைக் கற்பித்தது. இரண்டு நகரங்களிடையே வீதங் கூறும்போது, ஒரு நகரத்தின் நாணயம் மாறா அலகாக நிற்க, மற்றதன் தொகையே ஏறி இறங்கும். மாறா அலகை உடைய நகரம் 'நிலையானதைத் தருவது' என்றும், மற்றது 'நிலையாததைத் தருவது' என்றும் வணிகர் வழங்கினர். வீதத்தின் எண் உயர்ந்தது என்ற செய்தி கிடைத்தவுடன் இலாபமா நட்டமா என்று கூற இயலாது. எந்த நகரம் எதைத் தருகின்றது என்பதை அறிந்த பின்னரே கூற இயலும். இந்நுட்பம் பிற்காலத்துப் பாடநூல்களிலே மங்கிப்போயிற்று.

அச்சேறிய விதிகள்

ஐரோப்பாவில் அச்சிடப்பட்ட கணித நூல்களுள் இன்று அறியப்பட்டவற்றில் முந்தியது 1478 இல் திரெவீசோ நகரில் வெளிவந்தது. வாணிகத்திற் புகவிருந்த இளைஞர் சிலரின் வேண்டுகோளுக்கிணங்க எழுதப்பட்டதென அதன் ஆசிரியரே கூறுகின்றார். 1494 இல் வெனிசில் வெளிவந்த பச்சோலியின் பெருநூல், இரட்டைப் பதிவுக் கணக்கீட்டுடன் நாணயமாற்றையும் விளக்கிற்று. ஜேர்மனியில் 1522 இல் ஆடம் றீஸ் வெளியிட்ட கணித நூல் பெற்ற செல்வாக்கினால், ஒரு கணக்கு ஐயமறச் சரியென்று கூற 'ஆடம் றீசின்படி' என்னும் வழக்கு அம்மொழியில் இன்றும் நிலவுகின்றது. இங்கிலாந்தில் 1543 இல் றொபேட் றெக்கோட் ஆசானும் மாணவனும் உரையாடும் வடிவில் எண்கணித நூலொன்றை ஆக்கினார். மூவிராசி அங்கே பொன்விதி எனப் போற்றப்பட்டது.

ஆயின், அச்சு நூல் ஒரு நன்மையுடன் ஒரு தீமையையும் கொணர்ந்தது. விதிகள் பலரைச் சென்றடைந்தன. அவ்விதிகளுக்குரிய காரணங்கள் பல நூல்களில் விடுபட்டன. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கொக்கர் என்பவர் பெயரால் வெளிவந்து நூறாண்டுக்கு மேல் ஆட்சி செலுத்திய ஆங்கில எண்கணித நூல் இதற்குச் சான்றாகும். 'இதனைப் பெருக்குக, அதனால் வகுக்க' என்பதே அதன் போக்கு. இப்போக்கை வன்மையாகக் கண்டித்தவர்களுள் ஒருவர் அகஸ்டஸ் டி மோகன். இலண்டனிற் கணிதப் பேராசிரியராய் விளங்கிய இவர் 1806 இல் நமது மதுரையிற் பிறந்தவர் என்பது தமிழருக்கு மகிழ்வூட்டுஞ் செய்தியாகும். 1830 இல் அவர் வெளியிட்ட எண்கணித நூல், ஒவ்வொரு விதிக்கும் காரணங்காட்டுவதையே நோக்கமாகக் கொண்டது. காரணம் அறியாது விதியைக் கையாள்பவன், வினாவின் உருவஞ் சற்றே மாறியவிடத்துத் திகைப்பான் என்பது இத்தகையோர் கொள்கையின் சாரமாகும்.

மாறா வீதங்களின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதன்மையான நாடுகள் பல பொன்னியமத்தைத் தழுவின. ஒவ்வொரு நாணயமும் குறித்த எடைப் பொன்னுக்குச் சமமெனச் சட்டத்தால் வரையறுக்கப்பட்டமையால், நாணயங்களிடையேயுள்ள வீதங்களும் அசையாது நின்றன. ஒரு பவுண் ஸ்டேர்லிங், 25.22 பிரான்சியப் பிராங்குக்கும், 20.43 ஜேர்மன் மார்க்குக்கும், ஏறத்தாழ 4.87 அமெரிக்க டொலருக்கும் சமமாயிற்று. இவ்வெண்கள் பாடநூல்களின் வாய்பாடுகளில் இடம்பெற்றன. ஓரடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பதும், ஒரு பவுணுக்கு இருபத்தைந்து பிராங்கு என்பதும் மாணவன் மனத்தில் ஒரே தன்மையனவாய்ப் பதிந்தன. முன்னையது மனிதர் வகுத்த மாறா அளவை; பின்னையதோ அரசுகள் காக்குமளவும் நிற்கும் உடன்பாடு. இவ்வேறுபாடு வகுப்பறையில் எடுத்துக்காட்டப்படாமலே போயிற்று.

1914 இல் மூண்ட போர் இவ்வுடன்பாட்டைக் குலைத்தது. 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டொலரின் விலை 4,20,000 கோடி மார்க்காயிற்று. 1926 யூலையில் ஒரு பவுணுக்கு 240 பிராங்கு வரை கொடுக்கவேண்டியிருந்தது. பின்னர் அது 124 பிராங்களவிலே நிலைபெற்றது. 1931 செப்ரெம்பரில் இங்கிலாந்தே பொன்னியமத்தைக் கைவிட்டது. போருக்கு முன் அச்சிட்ட பாடநூலை வைத்துக் கற்ற ஐரோப்பிய மாணவன், தன் வாழ்நாளிலேயே அதன் வாய்பாடு வெறும் பழங்கதையாவதைக் கண்டான்.

ஈழநாட்டு மாணவனும் மூன்று நாணயங்களும்

இலங்கை மாணவனின் நிலை இதனினுஞ் சிக்கலானது. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற றிக்ஸ்டொலர் தமிழில் இறைசால் என வழங்கிற்று. அது 12 பணங்களைக் கொண்டது. 1825 இல் ஆங்கில அரசு ஸ்டேர்லிங்கை இந்நாட்டின் நாணயமாக்கி, ஓர் இறைசாலுக்கு 1 சிலிங் 6 பென்சு என வீதங் குறித்தது. மக்களோ இந்திய வெள்ளி ரூபாவையே பெரிதும் விரும்பினர். ஈற்றில் 1872 முதல் ரூபாவே நாட்டின் நாணயமாகி, 100 சதங்களாகப் பகுக்கப்பட்டது. தசம நாணயத்தை இங்கிலாந்து 1971 இலும் இந்தியா 1957 இலுமே மேற்கொண்டன. ஆளும் நாட்டுக்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னரே ஆளப்பட்ட இச்சிறு தீவு தசமக் கணக்கில் வாழ்ந்தது.

ஆயினும் இவ்வசதியின் முழுப்பயனையும் இலங்கை மாணவன் நுகர்ந்தானல்லன். கடைவீதியில் ரூபாவும் சதமும் எண்ணிய அவன், ஆங்கிலப் பல்கலைக்கழகங்கள் நடத்திய பரீட்சைகளின் பொருட்டுப் பவுண், சிலிங், பென்சுகளிற் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் பழகவேண்டியவனானான். இந்தியாவிலிருந்து வரும் சரக்குகளின் விலையையோ, சிதம்பர யாத்திரையின் செலவையோ கணிக்கப் புகுந்தால் 16 அணாவும் 192 பையுங் கொண்ட ரூபா எதிர்ப்பட்டது. இந்திய ரூபாவும் இலங்கை ரூபாவும் பெறுமதியிற் சமம், பகுப்பிலோ வேறு. 12 அணா 9 பை என்பதைச் சதமாக்கினால் 79 11/16 சதமாகும். இத்தகைய கணக்குகளிற் பின்னங்களும் தசமங்களும் ஒருங்கே பயிற்சி பெற்றன. மாணவனின் பொழுதும் பெரிதுஞ் செலவாயிற்று.

பள்ளிக்கு வெளியேயும் இக்கணிதம் கற்பிக்கப்பட்டது. கொழும்புச் செட்டியார் தெருவில் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், ஆங்கில வங்கிகளுக்கும் உள்ளூர் வணிகருக்கும் இடைநின்று, இந்தியாவுக்கும் பிற நாடுகளுக்கும் உண்டியல் மூலம் பணம் அனுப்பினர். அவர்தம் கடைகளிற் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன் படிப்படியாக அடுத்தாளாகி, வட்டியும் மாற்றும் மனத்தாற் கணிக்குந் திறன் பெற்றான். புளோரன்சு நகரச் சிறுவன் பள்ளியிலும் பின்னர்க் கடையிலும் பெற்ற இருவகைப் பயிற்சியும் இவனுக்குக் கடையிலேயே கிடைத்தன.

யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு இக்கணக்கை நேரிற் கொண்டுவந்தது மலாயா நாடு. புகையிரதப் பகுதியிலும் பிற அரசாங்கப் பகுதிகளிலும் தொழில்பெற்று அங்குச் சென்றோர் காசுக்கட்டளை மூலம் வீட்டுக்குப் பணம் அனுப்பினர். அவர்கள் ஈட்டியது டொலர்; வீட்டார் பெற்றது ரூபா; இரண்டையும் இணைத்தது ஸ்டேர்லிங். 1906 இல் அந்த டொலரின் பெறுமதி 2 சிலிங் 4 பென்சு, அஃதாவது 28 பென்சு என நிலைநாட்டப்பட்டது. அக்காலத்தில் ரூபாவின் பெறுமதி 1 சிலிங் 4 பென்சு, அஃதாவது 16 பென்சு. சங்கிலி விதிப்படி 100 ஐ 28 ஆற் பெருக்கி 16 ஆல் வகுக்க, 100 டொலருக்கு 175 ரூபா கிடைக்கும். முதலாம் உலகப்போரின் பின் ரூபா பலவாறு தத்தளித்து, 1920 இல் 2 சிலிங்குக்கு மேலும் ஏறி, 1927 இல் 1 சிலிங் 6 பென்சாக, அஃதாவது 18 பென்சாக நிலைபெற்றது. அதே 100 டொலருக்கு இப்பொழுது 155 ரூபா 56 சதமே கிடைக்கும். அனுப்பியவரின் சம்பளம் குறையவில்லை. டொலரின் ஸ்டேர்லிங் பெறுமதியும் மாறவில்லை. இடையில் நின்ற ஒரு கண்ணி மாறியமையால் 19 ரூபா 44 சதம் குறைந்தது. 'டொலருக்கு ஒன்றே முக்கால் ரூபா' என்று மனனஞ் செய்திருந்தவனுக்கு இக்குறைவின் காரணம் விளங்காது. சங்கிலியின் மூன்று கண்ணிகளையும் அறிந்தவனுக்கோ ஒரே பார்வையிற் புலப்படும்.

வீதத்தின் இரு முகங்கள்

1927 தொடக்கம் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் ரூபா 1 சிலிங் 6 பென்சாகவே நின்றது. ஒரு பவுணுக்கு 13 ரூபா 33 சதம் என்பது ஒரு தலைமுறை மாணவர்க்குப் பெருக்கல் வாய்பாடு போலாயிற்று. 1949 இல் ஸ்டேர்லிங்கின் மதிப்பு இறக்கப்பட்டபோது ரூபாவும் உடனிறங்கியமையால் இவ்வெண் மாறவில்லை; டொலருக்குரிய எண் மாத்திரம் 4.76 ஆயிற்று. 1950 இல் மத்திய வங்கி நிறுவப்பட்ட பின்னரும் இவ்வீதங்கள் தொடர்ந்தன.

1966 யூன் 6ஆந் தேதி இந்தியா தன் ரூபாவின் மதிப்பை இறக்கி, டொலருக்கு 4.76 என்றிருந்ததை 7.50 ஆக்கியது. அதுவரை சமமாயிருந்த இரண்டு ரூபாக்களும் பிரிந்தன; 100 இலங்கை ரூபா ஏறத்தாழ 157 ரூபா 50 சதம் இந்திய ரூபாவாயிற்று. 1967 நவம்பரில் இலங்கையும் தன் நாணய மதிப்பை இறக்கிற்று. டொலரின் விலை 4.76 இலிருந்து 5.95 ஆயிற்று. இப்பொழுது 100 இலங்கை ரூபாவுக்கு 126 இந்திய ரூபாவே கிடைக்கும். ஒன்றரை ஆண்டுக்குள் நிகழ்ந்த இம்மாற்றங்களைப் போலச் சிறந்த கணிதப் பாடத்தை எப்பாடநூலாசிரியரும் கற்பனையால் ஆக்கியிருக்க இயலாது.

இங்கே இரண்டு உண்மைகள் தோன்றின. முதலாவது, எண்ணின் ஏற்றமும் நாணயத்தின் ஏற்றமும் ஒன்றல்ல. 1 சிலிங் 4 பென்சு 1 சிலிங் 6 பென்சாகிய போது எண் ஏறிற்று, ரூபாவும் வலுத்தது. 4.76 என்பது 5.95 ஆகியபோதும் எண் ஏறிற்று, ரூபாவோ மெலிந்தது. முன்னையதில் ஒரு ரூபா மாறா அலகு. பின்னையதில் ஒரு டொலர் மாறா அலகு. இத்தாலிய வணிகர் கண்ட 'நிலையானது, நிலையாதது' என்னும் பாகுபாடே இது.

இரண்டாவது, ஒரே மாற்றத்துக்கு இரண்டு நூற்றுவீதங்கள் உண்டு. 4.76 இலிருந்து 5.95 ஆகியதால் டொலரின் விலை 25 வீதம் ஏறிற்று. ரூபாவின் பெறுமதியோ 20 வீதமே இறங்கிற்று. இந்திய மாற்றத்தில் டொலர் 57.5 வீதம் ஏற, ரூபா 36.5 வீதம் இறங்கிற்று. இரண்டும் உண்மை, இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள். எதனை அடியாகக் கொண்டு வீதங் கணிக்கப்பட்டது என்று வினவாதவன், ஒன்றை மெய்யென்றும் மற்றதைப் பொய்யென்றும் மயங்குவான்.

1968 மேயில் இலங்கையில் அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறை வந்தது. அதன்பின் ஒரே நாளில், ஒரே டொலருக்கு இரண்டு விலைகள் நிலவின. அரிசி, மா போன்ற இன்றியமையாப் பொருள்களின் இறக்குமதிக்கு 5.95 என்னும் விலை; பிறவற்றிற் பலவற்றுக்கு அதன்மேல் 44 வீதங் கூட்டிய விலை, அஃதாவது ஏறத்தாழ 8.57. பின்னர் இம்மேலதிகம் 55 வீதமாகவும் 65 வீதமாகவும் உயர்ந்தது. 'டொலர் ஒன்றின் விலை யாது?' என்னும் வினாவுக்கு, 'எதற்காக?' என்னும் மறுவினாவே விடையாயிற்று. 1977 நவம்பரில் இரட்டை வீதம் ஒழிந்து, டொலர் ஏறத்தாழ 16 ரூபாவில் ஒரே வீதமாகி, அதன்பின் மாறும் வீதமாயிற்று.

அண்மைக்காலப் பாடங்கள்

ஐரோப்பியர் தம் பழைய நாணயங்களைத் துறந்து யூரோவுக்கு மாறியபோது இக்கணிதம் சட்டமாகவே எழுதப்பட்டது. 1999 தொடக்கம் ஒரு யூரோ 1936.27 இத்தாலிய லீராவாகவும், 6.55957 பிராங்காகவும், 1.95583 மார்க்காகவும் மாறா வீதங்களிற் கட்டப்பட்டது. வீதங்களைத் தலைகீழாக்கி, ஒரு லீரா எத்தனை யூரோ எனக் கண்டு அதனாற் பெருக்குதல் தடுக்கப்பட்டது. பிராங்கை மார்க்காக்க விரும்புவோர் முதலில் யூரோவாக்கி, அதன் பின்னரே மார்க்காக்க வேண்டும். தலைகீழ் எண்ணைச் சில தசமதானங்களோடு வெட்டிக்கொள்வதால் எழும் சிறுபிழை, பெருந்தொகைகளிற் பெரும்பிழையாகிவிடும் என்பதே காரணம். விடையை எத்தானம் வரை காணவேண்டும், எப்பொழுது மட்டந்தட்ட வேண்டும் என்று ஆசிரியர் வகுப்பறையிற் கூறும் அறிவுரை வெறும் சம்பிரதாயமன்று என்பதற்கு இச்சட்டம் தக்க சான்றாகும்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஏறத்தாழ 200 ரூபாவிற் பிடித்துவைக்கப்பட்டிருந்த டொலரின் விலை விடுவிக்கப்பட்டது. மே மாதத்தில் அது 360 ரூபாவளவிற் சென்றது. டொலர் 80 வீதம் ஏறிற்று என்றாலும், ரூபா 44 வீதத்துக்கு மேல் இறங்கிற்று என்றாலும் பொருள் ஒன்றே. அதற்கு முன்னரே, வங்கி தரும் விலைக்கும் வெளிச்சந்தை தரும் விலைக்கும் இடைவெளி விரிந்தமையால், வெளிநாட்டில் உழைப்போர் முறையான வழிகளில் அனுப்பிய பணம் 2020 இல் ஏறத்தாழ 710 கோடி டொலராயிருந்து 2022 இல் 380 கோடி டொலரளவுக்குச் சுருங்கிற்று. மருந்தின் விலை, எரிபொருளின் விலை, பிறநாட்டிற் கற்கும் பிள்ளையின் கட்டணம், கடல்கடந்து வரும் உதவி ஆகிய யாவற்றையும் ஒவ்வொரு வீட்டாரும் தாமே கணிக்கவேண்டியவராயினர். நூறாண்டுக்கு முன் மலாயாக் காசுக்கட்டளையைக் கையில் ஏந்திய தாய் எதிர்நோக்கிய அதே வினாவையே இத்தலைமுறையும் எதிர்நோக்கிற்று.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால் ஆசிரியர் உலகிற்குச் சில முடிபுகள் பெறப்படும். வீதத்தை ஒரு தனி எண்ணாக எழுதாது, இருபுறமும் நாணயப் பெயர்களோடு எழுதுவித்தல் வேண்டும்; பிரமாணத்துக்கும் பலத்துக்கும் இனம் வகுத்த முன்னோர் நெறி அதுவே. ஒரே கணக்கை இரண்டு மூன்று வீதங்களிற் செய்வித்து, விடை எவ்வாறு அசைகின்றது என்பதை மாணவரே காணச்செய்தல் வேண்டும். எண் ஏறியபோது எந்த நாணயம் வலுத்தது என்பதை, கணிக்கத் தொடங்குமுன் சொல்லுவித்தல் வேண்டும். வங்கி டொலரை வாங்கும் விலையும் விற்கும் விலையும் வேறாதலால், 100 டொலரை ரூபாவாக்கி மீண்டும் டொலராக்குபவன் 100 டொலரைப் பெறான் என்பதையும் கணக்கினாலேயே காட்டுதல் வேண்டும்.

கணிக்கும் கருவிகள் இன்று பெருக்கலையும் வகுத்தலையும் நொடியிற் செய்துமுடிக்கின்றன. பெருக்குவதா வகுப்பதா என்பதையும், எந்த நாளின் எந்த வீதத்தைக் கொள்வது என்பதையும் தீர்மானிக்கும் பொறுப்பு மனிதனுக்கே உரியதாய் எஞ்சியுள்ளது. பவுணுக்கு 25.22 பிராங்கு என்று கற்ற பிரான்சிய மாணவனும், பவுணுக்கு 13.33 ரூபா என்று கற்ற ஈழத்து மாணவனும் பிழையாகக் கற்றவரல்லர். மாறும் பொருளை மாறாப் பொருளாகக் கற்றவர். எண் பழையதாகிக் கழியும். தொடர்பை உணர்ந்த அறிவு கழியாது. பாடசாலை தன் மாணாக்கனுக்கு வழங்கத்தக்க நாணயங்களுள் எந்நாட்டிலும் செல்லுவது அவ்வறிவேயாகும்.